ஓர் ஆட்ட இடைவெளி

1969ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது, அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி 93 ஆட்டங்களில் வென்று 69இல் தோற்றிருந்தது. இரண்டாம் இடத்து அணிக்கு 90 வெற்றி, 72 தோல்வி. இன்னோர் அணி 81 வென்று 81 தோற்றுச் சரிபாதியில் நின்றது. 2025ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோதும் அதே பிரிவில் முதலிடத்துக்கு 93-69, இரண்டாம் இடத்துக்கு 90-72. அந்த ஆண்டும் ஓர் அணி 81-81. ஐம்பத்தாறு ஆண்டு இடைவெளியில் அச்சான இரண்டு பட்டியல்கள் இப்படி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது என்னால் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

1969இல் 90 வெற்றி பெற்ற சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், கடைசி ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டியது. 2025இல் அதே 90 வெற்றி பெற்ற சான் டியாகோ பாட்ரேஸ், பிளே ஆஃப் ஆடச் சிகாகோவுக்கு விமானம் ஏறியது. 1969இல் முதலிடம் பெற்ற அட்லாண்டா பிரேவ்ஸ், லீக் பட்டத்துக்காக நியூயார்க் மெட்ஸுடன் மூன்றே ஆட்டங்கள் ஆடி, மூன்றிலும் தோற்று ஊர் திரும்பியது. 2025இல் முதலிடம் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் நான்கு சுற்றுகளில் 17 ஆட்டங்கள் ஆடி, நவம்பர் பிறந்த பிறகு கோப்பையைத் தூக்கியது. 1969இல் கடைசியில் கிடந்தது அந்த ஆண்டுதான் பிறந்த பாட்ரேஸ்: 52 வெற்றி, 110 தோல்வி. 2025இல் கடைசியில் கிடந்தது 33ஆவது பருவம் ஆடிய கொலராடோ ராக்கீஸ்: 43 வெற்றி, 119 தோல்வி.

1968 வரை நேஷனல் லீக் ஒரே பட்டியலாக இருந்தது. பத்து அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள். உச்சியில் நிற்கும் அணி, அமெரிக்கன் லீக்கின் முதல் அணியோடு நேராக வேர்ல்டு சீரிஸ் ஆடப் போகும். மற்ற ஒன்பதுக்கும் அடுத்த ஏப்ரல்தான். 1969இல் மான்ட்ரியாலும் சான் டியாகோவும் சேர, அணிகள் பன்னிரண்டாயின. பட்டியலைக் கிழக்கு ஆறு, மேற்கு ஆறு என இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு முதலிடத்துக்குப் பதில் இரண்டு முதலிடங்கள் வந்தன. அதையே அன்று பெரிய தாராளம் என்றார்கள். தூய்மை கெட்டது என்று வருந்தியவர்களும் இருந்தார்கள்.

அந்த மேற்கு எது என்று வரைபடத்தை விரித்துத் தேடினால் திகைப்புத்தான் மிஞ்சும். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ மூன்றும் பசிபிக் கரையில் இருப்பவை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டெக்சஸ் அணி. கூடவே ஒஹையோ ஆற்றங்கரையின் சின்சினாட்டி ரெட்ஸ், ஜார்ஜியாவின் அட்லாண்டா பிரேவ்ஸ். இந்த இரண்டு ஊர்களுக்கும் மேற்கே இருக்கும் சிகாகோவும் செயின்ட் லூயிஸும் கிழக்குப் பிரிவில் இருந்தன. ஆகவே ஒரே பிரிவுக்குள் ஆட அட்லாண்டா அணி 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் அட்லாண்டாவில் பத்தரை மணி. தம் அணி வென்றதா என்று தெரிந்துகொள்ள ஜார்ஜியாக்காரர்கள் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் காலைச் செய்தித்தாளுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று அந்தப் பிரிவில் இருப்பவை டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ், பாட்ரேஸ், டென்வரின் ராக்கீஸ், பீனிக்ஸின் அரிசோனா டயமண்ட்பேக்ஸ். ஐந்தும் மெய்யாகவே மேற்கு. மிகத் தொலைவான டென்வர்–சான் பிரான்சிஸ்கோ பயணம்கூட அந்தப் பழைய தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான். வரைபடம் திருந்திவிட்டது. ஆனால் அந்தக் கோணல் வரைபடம் கொடுத்த பகைகள் எல்லாம் அதோடு போய்விட்டன.

அவை சாதாரணப் பகைகள் அல்ல. 1970களில் இந்தப் பிரிவு என்றாலே ரெட்ஸும் டாட்ஜர்ஸும்தான். 1970 முதல் 1979 வரையான பத்துப் பருவங்களில் ஆறு முறை ரெட்ஸ், மூன்று முறை டாட்ஜர்ஸ், ஒரே ஒரு முறை ஜயண்ட்ஸ். 1974இல் டாட்ஜர்ஸ் 102 ஆட்டங்களில் வென்று ரெட்ஸைப் பின்னுக்குத் தள்ளியது. மறு ஆண்டே ரெட்ஸ் 108 ஆட்டங்களில் வென்று பதில் சொன்னது. அன்றைய அட்டவணையில் பிரிவுக்குள் ஒவ்வோர் எதிரணியோடும் 18 ஆட்டங்கள். ஐந்து எதிரணிகளோடு 90. கோடை முழுதும் அதே முகங்கள், அதே பிட்சர்கள், தீராத அதே கணக்கு. பிரேவ்ஸின் ஹாங்க் ஆரன் 1974 ஏப்ரல் 8 அன்று பேப் ரூத்தின் சாதனையைக் கடந்து 715ஆவது ஹோம் ரன்னை அடித்தது அட்லாண்டாவில், டாட்ஜர்ஸுக்கு எதிராக. அது இந்தப் பிரிவுக்குள் நடந்த ஓர் ஏப்ரல் ஆட்டம். இன்று பிரிவுக்குள் எதிரணிக்கு 13 ஆட்டங்கள், மொத்தம் 52. மிச்சமெல்லாம் மற்ற 25 அணிகளோடு. இன்றைய ரசிகர் தம் ஊரிலேயே எல்லா அணிகளையும், எல்லாப் பெரிய ஆட்டக்காரர்களையும் பார்த்துவிடலாம். 1996 வரை அமெரிக்கன் லீக் அணி எதுவும் பருவ ஆட்டத்துக்காக இந்த ஊர்களுக்கு வந்ததே கிடையாது. அறிமுகங்கள் பெருகியிருக்கின்றன. ஒருவரையே பதினெட்டு முறை பார்த்து வளரும் பகை குறைந்திருக்கிறது.

மைதானங்களின் கதையும் இப்படித்தான் இரண்டு பக்கமாக ஓடுகிறது. 1969இல் இந்த ஆறு அணிகள் ஆடிய ஆறு மைதானங்களில் இன்றும் மேஜர் லீக் பேஸ்பால் நடப்பது ஒன்றே ஒன்றில்: டாட்ஜர் ஸ்டேடியம். சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்டு, அட்லாண்டாவின் அரங்கம், சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க், சான் டியாகோ ஸ்டேடியம் நான்கும் இடிக்கப்பட்டுவிட்டன. உலகின் அதிசயம் என்று கொண்டாடப்பட்ட ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், ஆட்டமில்லாமல் வெறுங்கூடாக நிற்கிறது.

கேண்டில்ஸ்டிக் பார்க் விரிகுடாவின் ஓரத்தில் இருந்தது. ஜூலை இரவிலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் உட்கார முடியும். உயரே எழும்பிய பந்தைக் காற்று எங்கே தள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1974இலும் 1975இலும் ஒவ்வொரு பருவம் முழுவதற்குமே அங்கே வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தேகால் லட்சம் பேர்தான். 1976இல் அணி டொரான்டோவுக்கு ஏறத்தாழப் போயே விட்டது. 1992இல் ஃபுளோரிடாவுக்குப் போக ஒப்பந்தம்கூடப் போட்டாயிற்று. மற்ற உரிமையாளர்கள் மறுத்ததால் நின்றது. 2000இல் ஊரின் நடுவே, நீரை ஒட்டிப் புது மைதானம் எழுந்தது. வலப்பக்கச் சுவரைத் தாண்டும் சில ஹோம் ரன்கள் நேரே விரிகுடாவில் விழுகின்றன. பந்துக்காகச் சிறு படகுகளில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சான் டியாகோவில் 2004இல் கட்டிய மைதானம், அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதன் ஒரு மூலைதான் இன்று இடப்பக்க எல்லைக் கம்பம். அழகில், வசதியில், கூட்டத்தில் இன்றைய மைதானங்களுக்கு ஈடில்லை. ஆனாலும் கேண்டில்ஸ்டிக்கின் குளிரைத் தாங்கியவர்கள் அதைப் பதக்கம்போல் சொல்லிக்கொள்வார்கள். வசதியான நாற்காலி அப்படி ஒரு பெருமையைத் தருவதில்லை.

நிற்கின்ற டாட்ஜர் ஸ்டேடியத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அது எழுந்த சாவேஸ் ரவீன் மேட்டில் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. பொது வீட்டுவசதி கட்டப்போவதாகச் சொல்லி நகரம் அவர்களைக் கிளப்பியது. வீடுகள் வரவில்லை. நிலம் புரூக்ளினிலிருந்து வந்த அணிக்குப் போனது. கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். 1962இல் அரங்கம் திறந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1981இல், மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த இருபது வயது இடக்கைப் பிட்சர் ஃபெர்னாண்டோ வலென்சுவெலா அந்த மேட்டின் அணிக்காகத் தொடர்ந்து எட்டு வெற்றிகளோடு பருவத்தைத் தொடங்கினார். அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு மேடேறி வந்தன. அவர் 2024 அக்டோபர் 22 அன்று இறந்தபோது, மூன்று நாளில் அங்கே வேர்ல்டு சீரிஸ் தொடங்கவிருந்தது. அரங்க வாசலில் பூக்களும் மெழுகுவத்திகளும் குவிந்தன. அவர் கொண்டுவந்த சொந்தம் பெரிது. இழந்த வீட்டுக்கு அது ஈடாகிவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆட்டக்காரர்களின் நிலை இதைவிடக் கூர்மையாக மாறியது. அந்த மாற்றத்தின் தொடக்கமும் இதே பிரிவில்தான். 1975 வரை ஓர் ஆட்டக்காரர், அணி விட்டாலொழிய, ஆயுள் முழுக்க அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். டாட்ஜர்ஸ் பிட்சர் ஆண்டி மெசர்ஸ்மித் அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே ஆடினார். பருவம் முடிந்ததும் தான் சுதந்திர மனிதன் என்று வாதிட்டார். 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். மெசர்ஸ்மித் போய்ச் சேர்ந்த இடம் அட்லாண்டா பிரேவ்ஸ், அதாவது அதே பிரிவின் எதிரணி. 1969இல் ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 10,000 டாலர். 2025இல் 7,60,000 டாலர். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி டாட்ஜர்ஸோடு போட்ட பத்தாண்டு ஒப்பந்தம் 70 கோடி டாலர். அதே டாட்ஜர்ஸ் கழகம் முழுவதுமே, மைதானமும் சேர்த்து, 1998இல் கைமாறியபோது விலை 31.1 கோடி டாலர்.

இந்த விடுதலையை நான் குறையாகச் சொல்லமாட்டேன். உழைப்பவன் தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தீர்மானிப்பது நீதி. ஆனால் கார்வி, லோப்ஸ், ரஸ்ஸல், சேய் என்ற நால்வர் 1973 முதல் 1981 வரை எட்டரை ஆண்டுகள் டாட்ஜர்ஸின் உள்வட்டத்தைக் காத்தார்களே, அப்படி ஒரு நால்வர் கூட்டை இனிப் பார்க்க முடியாது. மூன்றாம் வகுப்பில் அந்த நான்கு பெயர்களைப் படித்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளியிலும் அதே நான்கு பெயர்களைச் சொன்னான். சான் டியாகோவில் இருபது பருவங்களும் ஆடிய டோனி க்வின், லாஸ் ஏஞ்சலஸில் பதினெட்டுப் பருவங்கள் ஆடி 2025இல் விடைபெற்ற கிளேட்டன் கெர்ஷா போன்றவர்கள் பிற்காலத்திலும் உண்டு. ஆனால் அன்று விதியாக இருந்தது இன்று அவரவர் விருப்பம். விருப்பத்தால் தங்கியவருக்கு மதிப்பு கூடுதல் என்றும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆட்டமே மாறியிருக்கிறது. 1968இல் ஜயண்ட்ஸ் பிட்சர் ஹுவான் மாரிசால் தொடங்கிய ஆட்டங்களில் முப்பதைத் தானே முடித்தார். 1986இல்கூட வலென்சுவெலா இருபதை முடித்தார். கடந்த சில பருவங்களில் முப்பது அணிகளின் எல்லாப் பிட்சர்களையும் கூட்டினாலும் முழு ஆட்டங்கள் நாற்பதை எட்டவில்லை. ஒருவர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். பிறகு வரிசையாக நாலைந்து பேர், ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ், முழு வேகத்தில். ரன் குறையும் என்று கணக்குகள் சொல்கின்றன. ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் களைத்த கையோடு புத்தியால் மட்டும் பேட்டரை ஏமாற்றும் பழைய பிட்சரைப் பார்க்கும் இன்பம் அரிதாகிவிட்டது. 2025 அக்டோபரில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ பிளே ஆஃபில் தாம் தொடங்கிய அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களை முழுவதும் தாமே வீசி முடித்தபோது எழுந்த ஆரவாரத்தில், பழைய உறவுக்காரரைத் தெருவில் கண்ட மகிழ்ச்சி இருந்தது. நேரத்திலோ புதுமைதான் பழமையைத் திருப்பித் தந்தது. 1970களில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிந்த ஆட்டம், 2021இல் சராசரியாக 3 மணி 10 நிமிடம் இழுத்தது. 2023இல் பிட்சருக்கு எதிரே கடிகாரம் வைத்தார்கள். ஆட்டம் மறுபடி 2 மணி 40 நிமிடத்துக்கு வந்து நின்றது.

டென்வரின் வருகை காற்றையே கணக்கில் சேர்த்தது. ராக்கீஸ் 1993இல் பிறந்த ஆண்டில் மைதானத்துக்கு வந்தவர்கள் 44,83,350 பேர். அந்தச் சாதனையை இதுவரை எந்த அணியும் முறியடிக்கவில்லை. 1995இல் திறந்த கூர்ஸ் ஃபீல்டின் மேல்தட்டில், பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரிசை ஊதா நிறத்தில் ஓடும். கடல் மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம் என்பதன் அடையாளம் அது. அங்கே காற்று மெல்லியது, பந்து கூடுதல் தூரம் பறக்கும், வளைய வேண்டிய பந்து வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். முப்பத்து மூன்று பருவங்கள் ஆகியும் ராக்கீஸ் ஒரு முறைகூடப் பிரிவில் முதலிடம் பெறவில்லை. பழைய காலத்து விதியில் அவர்கள் அக்டோபரையே பார்த்திருக்க மாட்டார்கள். புதிய விதியில் ஐந்து முறை பார்த்திருக்கிறார்கள். 2007இல் வேர்ல்டு சீரிஸ் வரையே போனார்கள்.

அந்த 2007க்கு ஒரு 163ஆவது ஆட்டம் தேவைப்பட்டது. ராக்கீஸும் பாட்ரேஸும் சம வெற்றிகளோடு நின்றதால், அக்டோபர் 1 அன்று டென்வரில் ஒரு தனி ஆட்டம் வைத்தார்கள். பதின்மூன்றாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் பாட்ரேஸ் இரண்டு ரன் எடுத்தது. கீழ்ப்பாதியில் ராக்கீஸ் மூன்று எடுத்து 9-8 என்று வென்றது. கடைசி ரன்னுக்கு மேட் ஹாலிடே தலைகுப்புறப் பாய்ந்து, முகம் மண்ணில் உரசிக் கிடந்தார். அவர் கை ஹோம் பிளேட்டைத் தொட்டதா என்று இன்றும் சான் டியாகோக்காரர்கள் கேட்பார்கள். 2022 முதல் அப்படி ஓர் ஆட்டம் கிடையாது. இரண்டு அணிகள் சமமாக முடித்தால், ஒன்றோடொன்று ஆடியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று கணக்குப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

இனி, இந்தப் பிரிவின் வரலாற்றை எனக்கு மறக்க முடியாததாக ஆக்கிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டுமே அக்டோபர் 3.

முதலாவது 1993. அந்தக் கோடையின் நடுவில் ஜயண்ட்ஸ் பிரேவ்ஸைவிட ஒன்பது, பத்து ஆட்டங்கள் முன்னே இருந்தது. புதிதாக வந்த பேரி பாண்ட்ஸ் அந்தப் பருவத்தில் 46 ஹோம் ரன் அடித்தார். ஜூலையில் பாட்ரேஸ் செலவைக் குறைக்கத் தன் நட்சத்திரம் ஃபிரெட் மெக்ரிஃபை அட்லாண்டாவுக்குக் கைமாற்றியது. அதிலிருந்து பிரேவ்ஸ் நிற்கவே இல்லை. புதுப்பிள்ளை ராக்கீஸோடு ஆடிய பதின்மூன்று ஆட்டங்களில் பதின்மூன்றையும் வென்றது. கடைசி நாள் காலையில் இரு அணிகளுக்கும் 103 வெற்றி. அட்லாண்டாவில் பிரேவ்ஸ், ராக்கீஸை அந்தப் பதின்மூன்றாம் முறையாக வென்று 104ஐத் தொட்டது. ஜயண்ட்ஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஆடியது. எதிரே 80 வென்று 81 தோற்றிருந்த, தனக்கென்று எதுவும் மிச்சமில்லாத டாட்ஜர்ஸ். ஜயண்ட்ஸுக்காக வீச வந்தவர் 21 வயது சலமோன் டோரஸ். டாட்ஜர்ஸின் மைக் பியாட்சா இரண்டு ஹோம் ரன் அடித்தார். முடிவு 12-1. நூற்று மூன்று வெற்றியோடு ஜயண்ட்ஸ் வீட்டுக்குப் போனது. அந்தப் பந்தயம் நடந்துகொண்டிருந்த செப்டம்பரிலேயே, அடுத்த ஆண்டு முதல் மூன்று பிரிவுகள், இரண்டாம் இடத்துக்கும் ஒரு வாய்ப்பு என்று உரிமையாளர்கள் வாக்களித்திருந்தார்கள். பழைய விதியின் கடைசிப் பருவம் அது. அந்த மாற்றத்தோடு அட்லாண்டா கிழக்குக்கும், சின்சினாட்டியும் ஹூஸ்டனும் நடுப் பிரிவுக்கும் போயின. 1998இல் அரிசோனா வந்து ஐந்தாவது இடத்தை நிரப்பியது.

இரண்டாவது 2021. மறுபடி அதே இரு பங்காளிகள்: ஜயண்ட்ஸ் 106, டாட்ஜர்ஸ் 105. கடைசி நாளில் ஜயண்ட்ஸ் சான் டியாகோவை 11-4 என்று வென்று 107ஆக்கியது. அன்று ஜயண்ட்ஸுக்காக வீசிய லோகன் வெப், மட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து ஒரு ஹோம் ரன் அடித்தார். நேஷனல் லீக்கில் பிட்சர்கள் பேட் செய்த கடைசிப் பருவத்தின் கடைசி நாள் அது. அடுத்த ஆண்டு முதல் அவர்களுக்குப் பதிலாக அடிக்கத் தனி ஆள். டாட்ஜர்ஸும் அன்று வென்று 106இல் நின்றது. 1993இன் விதி என்றால் அவர்கள் பருவம் அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. மூன்று நாள் கழித்து செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஒற்றை ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் கிறிஸ் டெய்லரின் ஹோம் ரன் அவர்களைக் காப்பாற்றியது. பிறகு, நூறாண்டுக்கு மேற்பட்ட பகையில் முதல்முறையாக, இரு அணிகளும் பிளே ஆஃபில் எதிரெதிரே நின்றன. ஐந்தாவது ஆட்டத்தில், சான் பிரான்சிஸ்கோவில், டாட்ஜர்ஸ் 2-1 என்று வென்றது. கடைசிப் பந்துக்கு வில்மர் ஃபுளோரஸ் மட்டையை வீசினாரா, பாதியில் நிறுத்தினாரா என்ற நடுவரின் முடிவோடு அந்த 107 வெற்றி முடிந்தது.

அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸில் ஆடியவை அட்லாண்டாவும் ஹூஸ்டனும். இரண்டும் 1969 முதல் 1993 வரை இருபத்தைந்து பருவங்கள் இதே மேற்குப் பிரிவில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவை. ஹூஸ்டன் 2013இல் அமெரிக்கன் லீக்குக்கே மாறியிராவிட்டால் அந்தச் சந்திப்பு நடந்திருக்காது. அதைக் கவனித்து மகிழ்ந்தவர்கள் நரைத்த தலைக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

1968இல் பத்துக்கு ஒன்று, 1969இல் பன்னிரண்டுக்கு இரண்டு, இன்று பதினைந்துக்கு ஆறு என்று கதவு அகன்றுகொண்டே வந்திருக்கிறது. 2022இல் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸை, 89 வெற்றியே பெற்ற பாட்ரேஸ் நான்கு ஆட்டங்களில் வெளியேற்றியது. 2023இல் 100 வெற்றி பெற்ற அதே டாட்ஜர்ஸை, 84 வெற்றி பெற்ற அரிசோனா மூன்றே ஆட்டங்களில் அனுப்பிவிட்டு வேர்ல்டு சீரிஸ் வரை போனது. சான் டியாகோவிலும் பீனிக்ஸிலும் அந்த இரவுகளில் தெருக்களில் ஆடியவர்களின் மகிழ்ச்சி மெய்யானது. பழைய விதி அவர்களுக்கு அதை ஒருநாளும் தந்திருக்காது. அது பெற்றது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 162 ஆட்டங்களில் சேர்த்த சேமிப்பு தன் கடைசிச் சொல்லை இழந்தது. அது கொடுத்த விலை.

செய்தித்தாளின் பட்டியலில், வெற்றி தோல்விக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு: முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னே. 1993 அக்டோபர் 4 காலையில் ஜயண்ட்ஸுக்கு நேரே அதில் 1 என்று இருந்தது. 2021 அக்டோபர் 4 காலையில் டாட்ஜர்ஸுக்கு நேரேயும் 1 என்றே இருந்தது. ஆனால் இன்றைய பட்டியலில் அதற்கும் வலப்புறம், பின்வாசலுக்கு எத்தனை ஆட்டம் தொலைவு என்று காட்ட, இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது. அது அன்று இருந்திருந்தால் 103 வெற்றி பெற்ற அணி அக்டோபரில் ஆடியிருக்கும். கோப்பையைக்கூட வென்றிருக்கலாம். வென்றிருந்தால், முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தோற்ற அணியின் வரிசையை ஒப்பிக்கும் சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் அதை இத்தனை அன்போடு ஒப்பிப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.